கொரிய மொழி: நின்றுவிட்டது போலத் தோன்றும் மாதங்கள்

(நமது சங்கத்தின் இளைஞர் பிரிவு நடத்தும் கொரிய மொழி மாலை வகுப்பின் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும், வகுப்பை நடத்தும் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. படிப்பை இடையில் நிறுத்தியவர்களின் வீடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால் முழுமையாகத் தருகிறோம்.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்டு, வீட்டு வேலையையும் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வகுப்பு தொடங்கும்போது உட்காரக் கதிரை போதாது. மூன்றாம் மாதம் முடியும்போது பின்வரிசை காலியாகிவிடுகிறது. விட்டுப்போன பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்கள் போகிறோம். பஸ் இல்லை, காசு இல்லை, வேலை நேரம் மாறிவிட்டது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். அவையும் உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் கடைசியில் ஒரே பதில்தான் வருகிறது: "இது எனக்கு வராதுங்க."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது?

படிப்பு நமக்குரியதல்ல என்ற பேச்சை நாம் பல தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள். நமது தாத்தா பாட்டி செக்ரோலில் கைநாட்டு வைத்தவர்கள். அவர்களுக்கு அறிவு இல்லாமல் அல்ல, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்புக்கு வழி இல்லாமல் வைத்த கைநாட்டு அது. "தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்" என்ற சொல்லை டவுனில் கேட்டோம், பாடசாலையில் கேட்டோம். சில வேளை நமது லயத்திலேயே கேட்டோம். அதனால் ஒரு பரீட்சையில் புள்ளி குறைந்தால், மற்ற வீட்டுப் பிள்ளை "இந்த முறை சரியாகப் படிக்கவில்லை" என்று நினைக்கிறது. நமது பிள்ளையோ "நான் இவ்வளவுதான்" என்று நினைத்துவிடுகிறது.

ஆனால் உண்மை என்ன? வீட்டில் தமிழ், கடைவீதியில் சிங்களம், மருந்துச் சீட்டிலும் வங்கிப் படிவத்திலும் கொஞ்சம் ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு வாழும் மக்கள் நாம். கொரிய மொழி வகுப்புகள் பலவற்றில் விளக்கம் சிங்களத்தில்தான் சொல்லப்படுகிறது. அங்கே படிக்கும் நமது பிள்ளை கொரிய மொழியைச் சிங்களத்தின் வழியாகப் படித்து, அதை மனதுக்குள் தமிழில் விளங்கிக்கொள்கிறது. இரண்டு சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் ஒரு சுமைக்காரரை விட மெதுவாகத்தான் போவார். அதை இயலாமை என்று சொல்லலாமா?

தமிழ் நமக்குத் துணை

கொரிய எழுத்து, படிக்க வசதியில்லாத சாதாரண மக்களுக்காக உருவான எழுத்து. ஆரம்பத்தில் கொரியர்கள் சீன எழுத்தில்தான் எழுதினார்கள். அது ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கொண்டது. ஓய்வும் வசதியும் உள்ள மேல்தட்டினர் மட்டுமே அதைக் கற்க முடிந்தது. செஜோங் என்ற மன்னர் 1443இல் புதிய எழுத்தை உருவாக்கி 1446இல் வெளியிட்டார். சாதாரண மனிதர் தன் மனதில் உள்ளதைத் தானே எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம். படித்த பெரியவர்கள் சிலர் அப்போதே எதிர்த்தார்கள். அடிப்படை எழுத்துக்கள் 24தான். இரட்டை எழுத்துக்களையும் கூட்டு உயிர்களையும் சேர்த்தால் 40. தமிழில் 247 எழுத்தையும் எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய காரியம் அல்ல.

வாக்கிய அமைப்பைப் பாருங்கள். ஆங்கிலத்தில் வினை நடுவில் வருகிறது. கொரிய மொழியில் தமிழைப் போலவே வினை கடைசியில் வருகிறது. நாம் "வீட்டுக்குப் போகிறேன்" என்கிறோம். அவர்கள் "ஜிப்எ கயோ" என்கிறார்கள். ஜிப் என்றால் வீடு, எ என்பது நமது "க்கு", கயோ என்றால் போகிறேன். வேற்றுமை உருபு நம்மைப் போலவே சொல்லின் பின்னால் ஒட்டுகிறது. "நேற்று வந்த ஆள்" என்பது "ஒஜே ஒன் சாராம்". நேற்று, வந்த, ஆள் என்று அதே வரிசை.

இன்னும் ஒன்று. நாம் "சாப்பிட்டுப் பாருங்கள்" என்கிறோம். சாப்பாட்டைக் கண்ணால் பார்க்கச் சொல்வதில்லை, முயன்று பார்க்கச் சொல்கிறோம். கொரியர்களும் "மொகொ பொசெயோ" என்கிறார்கள். மொகொ என்றால் சாப்பிட்டு, பொசெயோ என்றால் பாருங்கள். அதே பொருள்தான். "செய்து தாருங்கள்" என்று நாம் கேட்பது போலவே அவர்களும் "தா" என்ற பொருளுள்ள வினையைப் பின்னால் சேர்த்துக் கேட்கிறார்கள். பெரியவருக்கு ஒரு பேச்சு, சின்னவருக்கு ஒரு பேச்சு என்ற மரியாதை வழக்கமும் உண்டு.

ஆகவே பாடத்தில் ஒரு வாக்கியம் வந்தவுடன் முதலில் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சிங்களத்தின் வழியாகவோ ஆங்கிலத்தின் வழியாகவோ சுற்றிப் போக வேண்டிய தேவை பல இடங்களில் இல்லை.

ஏன் நின்றுவிடுகிறது?

இவ்வளவு துணை இருந்தும் மூன்றாம் நான்காம் மாதத்தில் ஏன் நிற்கிறது?

முதல் மாதம் எழுத்துப் படிக்கிறோம். நேற்றுத் தெரியாத எழுத்து இன்று தெரிகிறது. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாம் மாதம் சொற்கள் சேர்கின்றன. கொப்பி நிறைகிறது. அதன் பிறகு வேலை மாறிவிடுகிறது. இனித் தெரிந்த சொல்லை வேகமாகப் பேசும்போது காதால் பிடிக்க வேண்டும். நினைத்துப் பார்க்க நேரம் இல்லாமல் பதில் வர வேண்டும்.

புதிதாக மலைக்குப் போன பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எது கொழுந்து, எது முற்றிய இலை என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஆனால் அன்றைய கிலோ கணக்கு வராது. ஒவ்வொரு இலையையும் பார்த்துப் பார்த்துப் பறிக்கும். பக்கத்து நிரையில் அம்மா பேசிக்கொண்டே இரண்டு கையாலும் பறித்துக் கூடையை நிரப்புவார். அந்த இடைவெளி மாதக்கணக்கில்தான் குறையும். கிலோ கூடாத அந்த நாட்களிலும் கை பழகிக்கொண்டேதான் இருக்கிறது.

கவ்வாத்து வெட்டிய மலையையும் நாம் பார்த்தவர்கள். வெறும் குச்சியாக நிற்கும். தெரியாத ஆள் செடி செத்துவிட்டது என்று சொல்லுவார். நாம் சொல்லமாட்டோம், வேர் உயிரோடு இருப்பது நமக்குத் தெரியும்.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, கொரியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது. முதல் இரண்டு வாரத்துக்கு அது உதவும். அதற்கு மேல் அதுவே கால்கட்டு. ஒரு உதாரணம்: நிலாவுக்கு ஒரு சொல், முகமூடிக்கு ஒரு சொல், மகளுக்கு ஒரு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றுமே "தால்"தான். கொரிய எழுத்தில் மூன்றும் வேறு. நிலா மெதுவான ஒலி. முகமூடி காற்றோடு வரும் ஒலி. மகள் தொண்டையை இறுக்கிச் சொல்லும் ஒலி. வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். முகமூடிக்கு மட்டும் காகிதம் நன்றாக அசைய வேண்டும். தமிழ் எழுத்தில் கொப்பி வைத்திருப்பவர்கள் இன்றோடு அதை மூடிவிடுங்கள். இந்த உரையில் தமிழ் எழுத்தில் நாம் தரும் சொற்களும் அடையாளத்துக்கு மட்டுமே. உச்சரிப்பை ஒலிப்பதிவில் கேளுங்கள்.

இரண்டாவது, எழுத்தில் ஒன்று, காதில் ஒன்று. "ஹப்நிதா" என்று எழுதியிருக்கும், "ஹம்நிதா" என்று கேட்கும். "கத்இ" என்று எழுதியிருக்கும், "கச்சி" என்று கேட்கும். பிள்ளை பயந்துவிடுகிறது. ஆனால் "மரம்" என்பதோடு "கள்" சேர்ந்தால் "மரங்கள்" ஆவது நமக்குப் புதிதா? தமிழ்ப் பாடத்தில் படித்த புணர்ச்சிதான். அடுத்தடுத்து வரும் எழுத்து ஒன்றையொன்று மாற்றுகிறது. அங்கே எழுதும்போது பெரும்பாலும் மாற்றாமல் எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் "கச்சி" என்ற சொல்லுக்குச் "சேர்ந்து" என்று பொருள். சங்கத்துப் பிள்ளைகள் மறக்கக்கூடாத சொல்.

மூன்றாவது, எண்கள். கொரிய மொழியில் இரண்டு எண் வரிசை உண்டு. பொருளையும் வயதையும் எண்ண ஹானா, துல், செத் என்ற சொந்த வரிசை. காசு, திகதி போன்றவற்றுக்கு இல், ஈ, சாம் என்ற சீன வழி வரிசை. மணி சொல்லும்போது மணிக்கு முதல் வரிசை, நிமிடத்துக்கு இரண்டாம் வரிசை. பெரிய தொகையைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறார்கள். அதை "மான்" என்பார்கள். நமது ஒரு இலட்சம் அவர்களுக்குப் பத்து மான். இதை விளங்கி வைத்தால் மட்டும் போதாது, வாயில் பழக்க வேண்டும். பஸ் வரும் நேரம், கடைச் சாமான் விலை, பறித்த கிலோ எல்லாவற்றையும் ஒரு மாதம் கொரிய எண்ணில் சொல்லிப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

வேலை மாறிவிட்டதால் படிக்கும் முறையும் மாற வேண்டும். நாங்கள் சொல்வது நான்கு விஷயம்.

ஒன்று, பிழைக் கொப்பி. மாதிரிப் பரீட்சையில் 100க்கு 55 என்று மட்டும் பார்த்துக் கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். சொல்லே தெரியாதா? சொல் தெரிந்தும் காதில் பிடிபடவில்லையா? தெரிந்தும் நேரம் போதவில்லையா? சொல் தெரியாவிட்டால் பாடத்துக்குத் திரும்புங்கள். காதில் பிடிபடாவிட்டால் கேட்கும் பயிற்சி வேண்டும். நேரம் போதாவிட்டால் மணிக்கூடு வைத்துச் செய்யுங்கள். "எனக்கு வராது" என்ற ஒரே பெரிய கல்லை உடைத்தால், தூக்கக்கூடிய சின்னக் கற்கள்தான் உள்ளே இருக்கும்.

இரண்டு, கேட்டு எழுதுவது. கைத்தொலைபேசியில் ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள், நிறுத்துங்கள், கொரிய எழுத்தில் எழுதுங்கள், புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். நாளுக்குப் பத்து வாக்கியம் போதும். முதல் வாரம் எரிச்சல் வரும். அந்த எரிச்சல் காது வேலை செய்வதன் அடையாளம்.

மூன்று, தினமும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் படித்தது தங்காது. காலையில் பெரட்டுக்கு முன் 20 நிமிடம், இரவில் 20 நிமிடம் என்று வையுங்கள். மழை நாளில் வேலை இல்லாவிட்டால் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான்கு, குரல் பதிவு. ஒவ்வொரு ஞாயிறும் அதே பத்து வாக்கியங்களை வாசித்து கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியாது. எட்டு வாரம் கழித்து முதல் பதிவைக் கேளுங்கள். நீங்கள் நின்றிருந்தீர்களா, நடந்திருந்தீர்களா என்பதை உங்கள் குரலே சொல்லும்.

தனியாகப் படிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். ஒரே தோட்டத்தில் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் கூப்பிடுவார். நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கையை நாம் எத்தனை வருடம் சுமந்தோம்? அசையவே இல்லை என்று தோன்றிய நாட்கள் எத்தனை? 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. தனித்தனியாக இருந்திருந்தால் பாதியில் விட்டிருப்போம்.

சோர்வை விலைக்கு வாங்குபவர்கள்

இப்போது சொல்வதைப் பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டும்.

பிள்ளை "எனக்கு வராது" என்று சொல்லும் நேரத்தில்தான் ஒருவர் வீட்டு வாசலுக்கு வருவார். "பரீட்சை எழுதத் தேவையில்லை, மேலிடத்தில் ஆள் இருக்கிறது, இத்தனை இலட்சம் கட்டினால் ஆறு மாதத்தில் கொரியா" என்பார். நகை அடகுக் கடைக்குப் போகும், கடவுச்சீட்டு அவர் கைக்குப் போகும். பிள்ளையின் சந்தேகம்தான் அவருடைய முதலீடு.

உண்மை நிலை இது. கொரியாவின் வேலை அனுமதித் திட்டம் 2004ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. அது இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலான ஏற்பாடு. இலங்கையில் இதற்குப் பொறுப்பு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டுமே. தனியார் முகவருக்கு இதில் இடமே இல்லை. மொழிப் பரீட்சை எழுதாமல் இந்தத் திட்டத்தில் புதிதாக யாரும் போக முடியாது. வாசிப்பு 20, கேட்டல் 20 என்று 40 கேள்விகள், மொத்தம் 200 புள்ளிகள். சந்தேகம் இருந்தால் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். ஒரு சதம் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள்.

இன்னொரு உண்மையையும் மறைக்க மாட்டோம். சித்தியடைந்த எல்லோரும் போவதில்லை. தேவையான எண்ணிக்கைக்கு ஏற்ப, கூடிய புள்ளி எடுத்தவர்களே தெரிவாகிறார்கள். அதன் பிறகும் பெயர் பட்டியலில் இருக்கும், அங்குள்ள முதலாளி தெரிவு செய்ய வேண்டும். மொழிப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே சாதாரண தரத்தையோ உயர்தரத்தையோ பாதியில் விட்டுவிட்டு இதற்கு வராதீர்கள். இருக்கும் வேலையையும் விட்டுவிடாதீர்கள். நகையை அடகு வைத்து வகுப்புக் கட்டணம் கட்டாதீர்கள்.

மொழி என்பது பாதுகாப்பு

பரீட்சைக்கு மட்டும் படித்தால் போதும் என்று நினைக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. அங்கே போனால் தொழிற்சாலை, கட்டட வேலை, பண்ணை, மீன்பிடிப் படகு. இயந்திரத்தின் மேல் "விஹொம்" என்று எழுதியிருந்தால் ஆபத்து. யாராவது "ஜோசிம்" என்று கத்தினால் கவனம். அந்த நொடியில் மனதுக்குள் மொழிபெயர்க்க நேரம் இருக்காது. இப்போது நாம் செய்யும் கேட்டல் பயிற்சி விரலையும் உயிரையும் காப்பாற்றும் பயிற்சி.

"வொல்குப்" என்றால் மாதச் சம்பளம். சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். செக்ரோல் கணக்கைச் சரிபார்க்கத் தெரியாமல் நமது முன்னோர் இழந்தது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். கொரியாவின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். அங்கே குடிபெயர்ந்த தொழிலாளர் தொழிற்சங்கம் ஒன்று 2005இல் உருவானது. அரசு அதைப் பதிவு செய்ய மறுத்தது. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 ஜூனில் கொரிய உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து வருடம் எடுத்தது. "நோதோங்ஜோஹாப்" என்ற சொல்லையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். தொழிற்சங்கம் என்று பொருள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

"இன்னும் முடியலையா?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு என்ன சொல் படித்தாய், எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்குப் பாடம் இரண்டு மடங்கு பதியும். பக்கத்து லயத்துப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட வேண்டாம். படிக்கும் 20 நிமிடத்துக்கு வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துக் கொடுங்கள். பெண் பிள்ளை படிக்க வேண்டும் என்றால் அவளுக்கும் அதே 20 நிமிடத்தைக் கொடுங்கள். தண்ணீர் எடுக்கவும் சமைக்கவும் வேறு கை இருக்கட்டும்.

விட்டுப்போன தம்பி தங்கைகளுக்காக ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அவர்களை முதல் பாடத்துக்குத் திருப்பி அனுப்பமாட்டோம். எந்த இடத்தில் நின்றார்களோ அந்த இடத்திலிருந்து, கேட்டல் பயிற்சிக்கென்று ஞாயிறு காலையில் தனியாக ஒரு மணித்தியாலம் நடத்துகிறோம். கட்டணம் இல்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும். இங்கே இருக்கும் ஒவ்வொருவரும், விட்டுப்போன ஒருவரையாவது கூட்டி வாருங்கள்.

வந்ததும் முதலில் பிழைக் கொப்பியைத் திறப்போம். முதல் பக்கத்தில் "எனக்கு வராது" என்பதை எழுதச் சொல்வோம். பிறகு அதன் கீழே, உண்மையில் வராதது எது எது என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்வோம். அந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்குவோம், கச்சி, சேர்ந்து.